பாய்மரப் படகில் நியூசிலாந்து வருகிறீர்களா? சுங்கத்துறைக்கான முன்னறிவிப்பை ஃபிஜியில் கயிறு அவிழ்ப்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்

விமானத்தில் வருகிறவர்களுக்கு இந்த வேலை கிடையாது. பயணிகள் யார் யார் என்பதை விமான நிறுவனமே முன்கூட்டிச் சொல்லிவிடும். சொந்தப் படகிலோ நண்பரின் படகிலோ பாய் விரித்து இன்னொரு நாட்டுக்குள் நுழையும்போது அந்த நிறுவனத்தின் வேலையும் நம் தலையில்தான் விழுகிறது: யார் வருகிறோம், எப்போது வருகிறோம், எங்கே வருகிறோம், படகில் என்னென்ன இருக்கிறது என்று நாமே சுங்கத்துறைக்கு முன்னதாக எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாமல் வந்து நின்றால் அது குற்றம். "தெரியாது" என்பது அங்கே பதிலாக எடுபடாது.

நான் ஆக்லாந்தில் இருக்கிறேன். ஃபிஜியிலிருந்து நியூசிலாந்தின் வடபகுதியில் உள்ள ஓபுவா துறைமுகத்துக்கு நண்பர்களின் படகில் இரண்டு முறை க்ரூவாக, அதாவது படகு வேலைக்குக் கைகொடுக்கும் ஆளாக, வந்திருக்கிறேன், இரண்டாவது முறை காகித வேலை முழுவதும் என் பொறுப்பு. இப்போது நம்மவர்கள் சிலர் இங்கேயும் ஆஸ்திரேலியாவிலும் பாய்மரப் படகு கற்றுக்கொண்டு இந்த மாதிரி நீண்ட பயணங்களுக்குக் க்ரூவாகப் போகிறார்கள், பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. என்னிடம் கேட்கும் எல்லாரும் காற்றைப் பற்றியும் கடல் மயக்கத்தைப் பற்றியும் கேட்கிறார்கள், காகிதத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். ஃபிஜி, டோங்கா பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும் படகுகள் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் தெற்கே நியூசிலாந்துக்கு இறங்கிவிடும். ஃபிஜியின் சுவாவிலிருந்து ஓபுவாவுக்கு ஏறத்தாழ 1,050 கடல் மைல். சராசரி 5.5 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 5.5 கடல் மைல் போனால், ஒரு நாளைக்கு 132 மைல், ஆக எட்டு நாள். இது கணக்கு மட்டும்தான். வழியில் டாஸ்மன் கடல் பக்கமிருந்து காற்றழுத்தத் தாழ்வு ஒன்று வந்தால் எட்டு பன்னிரண்டாகும். ஒரே நல்ல வானிலைக்காக எல்லாப் படகுகளும் காத்திருந்து ஒரே நேரத்தில் கிளம்புவதால் ஓபுவாவுக்கு ஒரே நாளில் கூட்டமாக வந்து சேரும். அதிகாரிகள் சிலர்தான். வருவதற்கு 48 மணி நேரம் முன்பே சொல்லும்படி ஏன் கேட்கிறார்கள் என்பது ஓபுவாவில் படகு கட்டும் மேடையில் நின்று பார்த்தால் புரியும்.

விதி என்ன

2018-ஆம் ஆண்டின் சுங்கம் மற்றும் கலால் சட்டத்தின் கீழ், வெளிநாட்டிலிருந்து வரும் எந்தச் சின்னப் படகும் வந்து சேர்வதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் நியூசிலாந்து சுங்கத்துறைக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது, என்இசட்சிஎஸ் 340. சுங்கத்துறையின் இணையதளத்திலிருந்து இறக்கி, கணினியில் நிரப்பி, அங்கேயே கொடுத்திருக்கும் மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

இதோடு சேர்ந்து இன்னும் இரண்டு விதிகள். முதல் நிறுத்தம் சுங்கத்துறை அனுமதித்த இடமாக இருக்க வேண்டும்: ஓபுவா, ஃபங்காரே பக்கம் மார்ஸ்டன் கோவ், ஆக்லாந்து, டௌரங்கா, நேப்பியர், நெல்சன், லிட்டெல்டன் போன்றவை. நினைத்த இடத்தில் நங்கூரம் போட முடியாது. அப்புறம், அதிகாரிகள் வந்து பார்த்து முடிக்கும்வரை படகிலிருந்து யாரும் இறங்கக் கூடாது, வெளியாள் யாரும் ஏறவும் கூடாது.

முன்னறிவிப்பு கொடுத்தால் அனுமதி கிடைத்துவிட்டதாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. நீங்கள் வருகிறீர்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நாட்டுக்குள் நுழைவது அதிகாரி படகில் ஏறி, பாஸ்போர்ட்டைப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான்.

எப்போது அனுப்புவது

48 மணி என்றால் இரண்டு நாள் இருக்கும்போது அனுப்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 5.5 நாட் வேகத்தில் அந்த இடம் ஓபுவாவிலிருந்து 264 மைல் வெளியே, நடுக்கடலில். அங்கே உங்கள் சாட்டிலைட் கருவி வேலை செய்கிறதா, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா, படிவத்தை நிரப்புகிறவர் வாந்தி எடுக்காமல் உட்கார முடிகிறதா என்று எதுவும் நிச்சயமில்லை. பல பக்கமுள்ள படிவத்தையும் படகின் புகைப்படத்தையும் மெதுவான சாட்டிலைட் இணைப்பில் அனுப்புவதும் எளிதல்ல. இப்போது பல படகுகளில் ஸ்டார்லிங்க் இருக்கிறது, உண்மை. ஆனால் உப்புத் தண்ணீர் பட்டு ஒரு ஒயர் போனால் அதுவும் போயிற்று.

அதனால் என் யோசனை ஒன்றே ஒன்றுதான்: ஃபிஜியில் மெரினாவின் (படகுகள் நிறுத்தும் துறையின்) வைஃபை இருக்கும்போதே, கிளம்பும் நாள் முடிவானதும், படிவத்தை அனுப்பிவிடுங்கள். உத்தேச வருகை நாளைப் போடுங்கள். 48 மணி என்பது குறைந்தபட்சம்தான், முன்னாலேயே அனுப்புவதில் தவறே இல்லை. பதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வந்த பதிலைப் பிரிண்ட் எடுத்து படகுக் காகிதங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் மறுபடி அனுப்புங்கள், அனுப்பிய மின்னஞ்சல் வெளிப்பெட்டியிலேயே தேங்கிக் கிடக்கிறதா என்றும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

கடலில் ஏறிய பிறகு நாள் மாறினால் இரண்டு வரி போதும். படகின் பெயர், பழைய நாள், புதிய நாள், இப்போது இருக்கும் இடம். எங்கள் இரண்டாவது பயணத்தில் ஃபிஜிக்குத் தெற்கே மினர்வா பவளத்திட்டில் நங்கூரம் போட்டு மூன்று நாள் காற்று அடங்கக் காத்திருந்தோம். சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லாத, ஓதம் ஏறினால் கடலுக்குள் மூழ்கிவிடும் திட்டு அது, டோங்கா தன்னுடையது என்று உரிமை கோருகிறது. உள்ளே குளம் மாதிரித் தண்ணீர், வெளியே பத்தடி அலை. அங்கிருந்து சாட்டிலைட் வழியாக இரண்டு வரி அனுப்பினோம். ஓபுவா மேடையில் வந்து கட்டியபோது அதிகாரியின் பட்டியலில் எங்கள் புதிய நாள் ஏற்கெனவே இருந்தது, ஒரு கேள்வியும் இல்லை. அப்படி நின்ற இடத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எங்கே நின்றீர்கள் என்று படகில் ஏறியதும் கேட்பார்கள், ஜிபிஎஸ் பதிவில் எல்லாம் இருக்கிறது.

சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிடும் அளவுக்குக் காற்று அடித்தாலும் இதேதான், ஒரு வரி அனுப்பிவிட்டு வாருங்கள்.

படிவத்தில் கவனிக்க வேண்டியவை

படகின் பெயர், பதிவு எண், எந்த நாட்டுக் கொடி, நீளம், நிறம், வானொலி அழைப்புக் குறி, கடைசியாகக் கிளம்பிய துறைமுகம், அங்கிருந்து கிளம்பிய நாள், வந்து சேரும் இடம், நேரம், படகில் உள்ள ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் விவரம். இவையெல்லாம் பார்த்து எழுதும் வேலை. தப்பு நடப்பது மூன்று இடங்களில்.

ஒன்று நேரம். வருகை நேரத்தை நியூசிலாந்து நேரத்தில் எழுத வேண்டும். ஃபிஜி நேரம் உலகப் பொது நேரத்தைவிட 12 மணி முன்னால். நியூசிலாந்தில் செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கோடைகால நேரம், அப்போது 13 மணி முன்னால். படகின் கடிகாரம் பொது நேரத்தில், கைபேசி ஃபிஜி நேரத்தில், மனசு நியூசிலாந்து நேரத்தில் என்று மூன்று ஓடிக்கொண்டிருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் "நியூசிலாந்து நேரம்" என்று எழுதியே விடுங்கள்.

இரண்டாவது பெயர், இதில் நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மில் நிறையப் பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக, முழுப் பெயரும் ஒரே வரியில் இருக்கும். கேப்டன் உங்களை "முருகன்" என்று கூப்பிடுவார், க்ரூ பட்டியலிலும் "கே. முருகன்" என்று எழுதிவிடுவார், பாஸ்போர்ட்டில் "முருகன் குமாரசாமி" என்று இருக்கும். ஃபிஜியில் வெளியேறும்போது கொடுத்த பட்டியல், நியூசிலாந்து படிவம், விசா, பாஸ்போர்ட் நான்கிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கேப்டனிடம் வாயால் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட்டின் நகலைக் கொடுங்கள், அவர் நிரப்பிய பிறகு நீங்களே ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள். இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

மூன்றாவது, "இல்லை" என்று வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போவது. துப்பாக்கி இருக்கிறதா, மிருகம் இருக்கிறதா, மருந்து இருக்கிறதா என்று கேட்டிருப்பார்கள். படகின் முதலுதவிப் பெட்டியில் கடுமையான வலிநிவாரணி இருந்தால் அது மருந்துதான், எழுத வேண்டும். மருத்துவர் சீட்டோடு, அசல் டப்பாவில் வைத்திருங்கள். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு, கட்டுப்படுத்தப்பட்ட மருந்தென்றால் ஒரு மாத அளவு வரை கொண்டுவரலாம். ரொக்கம் 10,000 நியூசிலாந்து டாலரோ அதற்கு மேலோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

விசா பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு நியூசிலாந்து வர முன்கூட்டியே விசா வேண்டும், ஆன்லைனில் சட்டென்று கிடைக்கும் மின்னணுப் பயண அனுமதி நமக்குப் பொருந்தாது. படகில்தானே வருகிறோம் என்று விட்டுவிடாதீர்கள், ஐரோப்பியக் கேப்டன்களுக்கு இந்த வித்தியாசம் பல நேரம் தெரியாது. விசாவைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு க்ரூவாகப் பேர் கொடுங்கள். திரும்பிப் போகும் விமான டிக்கெட்டோ, இதே படகில் வெளியேறப் போகிறீர்கள் என்று கேப்டன் கையெழுத்திட்ட கடிதமோ கையில் இருக்கட்டும்.

ஃபிஜியிலிருந்து முறையாக வெளியேறிய சான்று இல்லாமல் கிளம்பாதீர்கள். முதல் கேள்வியே அதுதான். சான்று வாங்கிய பிறகு போகிற வழியில் இன்னொரு தீவில் ஒரு நாள் நீந்திவிட்டுப் போகலாம் என்று நிற்பது ஃபிஜி சட்டப்படி தப்பு.

படகின் அடிப்பாகம்

சுங்கத்துறையோடு சேர்ந்து, வெளிநாட்டுப் பூச்சியும் செடியும் கடல் உயிர்களும் உள்ளே வராமல் பார்க்கும் உயிரிப் பாதுகாப்பு அதிகாரிகளும் வருவார்கள். இவர்களுக்குத்தான் நீங்கள் உண்மையாகவே தயாராக வேண்டும். 2018 மே மாதம் முதல் நியூசிலாந்துக்கு வரும் எல்லாக் கப்பல்களும் படகுகளும் சுத்தமான அடிப்பாகத்தோடு வர வேண்டும் என்பது கட்டாயம், நாடு முழுமைக்கும் இப்படி விதி கொண்டுவந்ததில் இவர்கள்தான் உலகத்திலேயே முன்னோடி. மூன்று வாரத்துக்கு மேல் தங்குகிற படகின் அடியில் வழுவழுப்பான மெல்லிய பாசிப் படலம் இருக்கலாம், நடுக்கடலில் ஒட்டிக்கொள்கிற காம்புள்ள கொட்டலசு என்ற ஓட்டுயிரி இருக்கலாம். அதற்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது.

வழக்கமாக இதைக் காட்டுவதற்கு மூன்று வழி. வருவதற்கு முந்தைய 30 நாளுக்குள் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். அல்லது தொடர்ந்து நல்ல முறையில் பராமரித்து வந்ததற்கான பதிவு இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் படகைக் கரையேற்றிச் சுத்தம் செய்ய, அவர்கள் அங்கீகரித்த இடத்தில் முன்பதிவு செய்திருக்க வேண்டும். ஃபிஜியில் வூடா மெரினா மாதிரி இடத்தில் படகைத் தூக்கிக் கழுவிக்கொள்ளலாம். அந்த ரசீதையும், பெயின்ட் அடித்த பழைய ரசீதையும், தேதி தெரியும் புகைப்படங்களையும் முன்னறிவிப்போடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள். படம் எடுக்கும்போது பளபளப்பான பக்கவாட்டை மட்டும் எடுக்காதீர்கள். சுக்கானின் இடுக்கு, படகை உந்தும் விசிறியும் அதன் தண்டும், அடிக்கட்டையின் கீழ்ப்பக்கம், தண்ணீர் உள்ளே வரும் ஓட்டைகள், இவைதான் அவர்கள் தேடும் இடங்கள். ஒரு கம்பின் நுனியில் கேமரா கட்டித் தண்ணீருக்குள் விட்டு அங்கெல்லாம் பார்ப்பார்கள்.

இது வீண் கெடுபிடி என்று சொல்லும் படகுக்காரர்களை எனக்குத் தெரியும், எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடே இல்லை. 2008-இல் லிட்டெல்டன் துறைமுகத்தில் மத்தியதரைக் கடலின் விசிறிப் புழு கண்டுபிடிக்கப்பட்டது, இப்போது பல துறைமுகங்களில் வேரூன்றிவிட்டது. 2021-இல் கிரேட் பேரியர் தீவில் காலெர்பா என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, 2023-இல் அதே பாசி ஓபுவா இருக்கும் பே ஆஃப் ஐலண்ட்ஸிலேயே. அது படர்ந்த இடத்தில் நங்கூரம் போடவே தடை. தலைமுறை தலைமுறையாக அந்த விரிகுடாவில் மீனும் சிப்பியும் எடுத்துச் சாப்பிட்ட மாவோரி மக்கள் இப்போது அந்தப் பாசியை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒரு நாள் மூச்சடக்கி மூழ்கி அடிப்பாகத்தைச் சுரண்டுவது எனக்குப் பெரிய வேலையாகத் தெரியவில்லை.

சமையலறை

ஃபிஜி சந்தையில் கறிவேப்பிலையும் முருங்கையும் கத்தரிக்காயும் குவிந்து கிடக்கும். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்கள் வைத்து வளர்த்த ருசி அங்கே இன்னும் இருக்கிறது. ஆசையாக அள்ளி வாங்கிக்கொண்டு படகில் ஏறுவோம். ஆனால் ஓபுவாவில் கட்டும்போது மிச்சம் இருக்கிற பழம், காய், இலை, இஞ்சி, பச்சை மிளகாய், முட்டை, இறைச்சி, தேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தேன் விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், இங்கே தேனீத் தொழில் பெரிது.

முளைக்கக்கூடிய எந்த விதையும் சந்தேகத்துக்குரியதுதான், ஆகவே முழுப் பச்சைப்பயறு, வெந்தயம், கொண்டைக்கடலை எல்லாம் டப்பாவோடு மேசையில் எடுத்து வைத்துக் காட்டிவிடுங்கள். எது இருக்கலாம் எது கூடாது என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். காட்டிய பொருளுக்கு அபராதம் கிடையாது. சொல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் 400 நியூசிலாந்து டாலர் அந்த இடத்திலேயே. கருவாடு, ஊறுகாய், நெய் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி, ஒளிக்காமல் எடுத்து வையுங்கள்.

எட்டு நாள் சாப்பாட்டைத் திட்டம் போட்டு வாங்குங்கள், ஆறாம் நாளே காய் தீரட்டும். கடைசி இரண்டு நாளுக்கு அரிசி, துவரம்பருப்பு, டின் மீன் போதும். கரையிலிருந்து பன்னிரண்டு மைலுக்கு வெளியே இருக்கும்போதே உணவு மிச்சத்தைக் கடலில் போட்டுவிடலாம், பிளாஸ்டிக்கை எங்கேயும் போடக் கூடாது. கரைக்குப் பக்கத்தில் வந்தபிறகு ஒரு வெங்காயத் தோலைக்கூட வெளியே எறியாதீர்கள், ஒரு பையில் கட்டி வைத்து அதிகாரிகளிடமே கொடுங்கள்.

கரை தெரியும்போது

நியூசிலாந்தை நெருங்கும்போது சில சமயம் விமானப்படையின் ரோந்து விமானம் தாழப் பறந்து வந்து விஎச்எஃப் ரேடியோவில் படகின் பெயரையும் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதையும் கேட்கும். பயப்பட வேண்டாம். படிவத்தில் எழுதியதையே சொல்லுங்கள். பசிபிக் வழியாகப் படகுகளில் போதைப்பொருள் கடத்துவது உண்மையிலேயே நடக்கிறது, அதனால்தான் யார் சொன்னபடி வருகிறார்கள், யார் சொல்லாமல் வருகிறார்கள் என்று பார்க்கிறார்கள். பெயர் கொடுத்துவிட்டு வருகிறவருக்கு அந்த உரையாடல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பன்னிரண்டு மைல் எல்லைக்குள் நுழைந்ததும் மஞ்சள் கொடியை ஏற்றுங்கள், பாய்மரத்தின் வலப்பக்கக் குறுக்குக் கம்பியில். சர்வதேசக் கொடி மொழியில் அது 'க்யூ' எழுத்து. "என் படகில் நோயில்லை, கரையோடு தொடர்புகொள்ள அனுமதி கேட்கிறேன்" என்று பொருள். காலரா, மஞ்சள் காய்ச்சல் காலத்திலிருந்து வருகிற வழக்கம். இரவில் வந்தாலும் ஏற்றி வைத்துவிடுங்கள்.

ஓபுவா, பே ஆஃப் ஐலண்ட்ஸ் விரிகுடாவின் உள்ளே தள்ளி இருக்கிறது. போகும் வழியில் தீவு தீவாக வரும், அப்புறம் ரஸ்ஸல், பைஹியா என்று இரண்டு ஊர்கள், ஓட்டல் விளக்கெல்லாம் தெரியும். எட்டு நாள் தூங்காத உடம்பு இங்கேயே நங்கூரம் போட்டுக் கண்ணை மூடச் சொல்லும். போடாதீர்கள். நேராக ஓபுவா மெரினாவின் குவாரன்டைன் மேடைக்குப் போங்கள், புதிதாக வரும் படகுகளுக்கென்றே ஒதுக்கிய மிதவை மேடை அது. கயிறு கட்டுவதற்காக மட்டும் மேடையில் இறங்கலாம், கட்டிவிட்டு மறுபடி படகுக்குள் வந்துவிட வேண்டும். இரவில் வந்தால் தூங்குங்கள், காலையில் அவர்களே வருவார்கள். பக்கத்துப் படகுக்காரர் தெரிந்தவராக இருந்தாலும் போய்ப் பேசுவது, ஒரு ரொட்டியை வாங்கிக்கொள்வது எதுவும் வேண்டாம்.

அதிகாரிகள் ஏறுவதற்கு முன் பாஸ்போர்ட்கள், படகின் பதிவுச் சான்று, ஃபிஜி வெளியேற்றச் சான்று, அடிப்பாக ரசீதுகள், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு மேசையில் வையுங்கள். மது, சிகரெட் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். ஓர் ஆளுக்கு வரியில்லாமல் 4.5 லிட்டர் ஒயின் அல்லது பீர், 1.125 லிட்டருக்கு மிகாத மூன்று பாட்டில் ஸ்பிரிட், 50 சிகரெட். எங்கள் படகில் முழு வேலையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

படகு வெளிநாட்டுக் கொடியில் இருந்து, உரிமையாளரும் நியூசிலாந்துவாசி இல்லை என்றால், தற்காலிக இறக்குமதிப் பதிவை அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், 24 மாதம் வரை கொடுப்பார்கள். அது இல்லாவிட்டால் படகின் மதிப்புக்கு 15 சதவீதம் ஜிஎஸ்டி கட்ட வேண்டி வரும். இங்கேயே குடியிருக்கும் நம்மவர் யாராவது ஃபிஜியில் மலிவாகப் படகு வாங்கி ஓட்டி வர நினைத்தால் இந்தச் சலுகை அவருக்குக் கிடையாது. அந்த 15 சதவீதத்தையும் சேர்த்து விலை பேசுங்கள்.

சுக்கான் உடைந்தோ, யாருக்காவது அடிபட்டோ, வேறு வழியே இல்லாமல் அனுமதி இல்லாத இடத்தில் ஒதுங்க நேர்ந்தால் உயிர்தான் முதலில், தயங்காமல் ஒதுங்குங்கள். உடனே விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் அலைவரிசையில் கடல்சார் ரேடியோ நிலையத்தைக் கூப்பிட்டு எங்கே இருக்கிறீர்கள், ஏன் என்று சொல்லி, சுங்கத்துறைக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். கூப்பிட்ட நேரத்தைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். மருத்துவத் தேவை தவிர வேறு எதற்கும் கரையில் கால் வைக்காதீர்கள்.

மற்ற நாடுகள்

நியூசிலாந்து விதியை மனப்பாடம் செய்துகொண்டு அதையே எல்லா இடத்திலும் பொருத்திப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு நாட்டின் கணக்கும் வேறு. ஃபிஜிக்குள் நுழையவும் 48 மணி முன்னறிவிப்பு உண்டு, அதற்கு அவர்களுடைய தனிப் படிவம். ஆஸ்திரேலியாவில் எல்லைப் படைக்கு 90 நாளுக்கு முன்னதாக இல்லாமலும் 12 மணி நேரத்துக்குக் குறையாமலும் சொல்ல வேண்டும், உயிரிப் பாதுகாப்புக்குத் தனியாக 96 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் ஓர் அறிக்கை. ஒன்றை அனுப்பினால் மற்றது தானாகப் போய்விடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பிரிட்டனுக்குப் போகும் உல்லாசப் படகுகள் கிளம்புவதற்கு 24 மணி முதல் 2 மணி முன்னால் வரை அறிவிக்க வேண்டும், அங்கே கணக்கு வந்து சேரும் நேரத்தை வைத்து இல்லை, கிளம்பும் நேரத்தை வைத்து. அமெரிக்காவில் சின்ன உல்லாசப் படகின் கேப்டன் வந்து சேர்ந்தவுடனே சுங்கத்துறைக்குச் சொல்ல வேண்டும், பல இடங்களில் அவர்களுடைய ரோம் (ROAM) என்ற கைபேசிச் செயலி வழியாகவே சொல்லலாம். சொல்லாமல் விட்டால் முதல் முறைக்கே 5,000 டாலர் வரை அபராதம், அது கேப்டன் தலையில்.

எந்த நாடாக இருந்தாலும், கிளம்புகிற வாரத்தில் அந்நாட்டுச் சுங்கத்துறையின் இணையதளத்தைத் திறந்து படிவத்தைப் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். போன வருடம் நண்பர் கொடுத்த படிவத்தைப் பயன்படுத்தாதீர்கள், நான் இதில் எழுதியிருக்கும் எண்களையும் அங்கே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.